ஒரு லோடு மணலில் எத்தனை குடம் தண்ணீர்?

ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி. எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஓடும் டிப்பரில் சாதாரணமாக மூன்று யூனிட் ஏற்றுவார்கள். 300 கன அடி, அதாவது சுமார் 8,500 லிட்டர் கொள்ளளவு. ஆற்று மணல் தண்ணீரைக் குடித்து நிறைந்திருக்கும் நேரத்தில் தோண்டினால், தன் பருமனில் கிட்டத்தட்ட கால் பங்கு நீரை அது நமக்கு விட்டுக்கொடுக்கும். ஒரு லோடு மணல் கிடந்த இடத்தில் 2,100 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 140 குடம்.

இது ஒருமுறையோடு முடிகிற கணக்கு இல்லை. ஆறு வருகிற ஒவ்வொரு முறையும் அந்த மணல் 140 குடத்தைப் பிடித்து வைக்கும். தாத்தா காலத்தில் வைத்தது, அப்பா காலத்தில் வைத்தது, நம் பிள்ளைகள் காலத்திலும் வைத்திருக்க வேண்டியது. டிப்பர் ஒருமுறை அள்ளிக்கொண்டு போனால் அத்தனை ஆண்டுத் தண்ணீரும் அதோடு போய்விடுகிறது. மணலுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த 140 குடத்துக்கு, மணல் லாரிக்குத் தரும் எந்த நடைச்சீட்டிலும் விலை போடுவதில்லை.

மணல் கொள்ளை பற்றித் தமிழ்நாட்டில் எழுதாத பத்திரிகை இல்லை. காவிரி, பாலாறு, தாமிரபரணி என்று எல்லா ஆற்றுக்கும் இந்தக் கதை உண்டு. ஆனால் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்கு இது வேறு மாதிரி. மற்ற பல ஊர்களில் ஆற்றில் தண்ணீர் ஓடும், அடியில் மணல் இருக்கும். எங்களுக்கு மணல்தான் ஆறு. தண்ணீர் ஓடுவது ஆண்டில் சில நாள், சில ஆண்டுகளில் அதுவும் கிடையாது.

வைகை வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை தாண்டி 258 கிலோமீட்டர் வந்து எங்களைத் தொடுகிறது. 1895-ல் பெரியாறு அணை வந்தது, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. 1959-ல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. இரண்டாலும் லட்சக்கணக்கான ஏக்கர் விளைந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அணை தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை, மணலையும் நிறுத்துகிறது. மலையிலிருந்து உருண்டு பொடிந்து வருகிற மணல் அணைக்குள் தங்கிவிடும். திறந்துவிடும் தண்ணீர் தெளிந்து வரும், மணல் வராது. அப்புறம் வழியில் இருக்கிற தடுப்புகள், மதகணைகள். பார்த்திபனூரில் ஆற்றைப் பிரித்து இரு பக்கமும் கால்வாயில் விடுகிறார்கள். மிஞ்சியது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகும். அதற்கும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர் அருகே கடலைப் பார்க்கும்.

ஆகவே எங்கள் பகுதியில் படுகையில் கிடக்கும் மணல் புதிதாக வந்ததில்லை. அணைகள் வருவதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணல். இதே முகத்துவாரத்தில்தான் அழகன்குளம் இருக்கிறது. அங்கே அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் கிடைத்தன. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் பார்த்த ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலை நாம் இன்று யூனிட் போட்டு விற்கிறோம். அள்ளிய மணல் அடுத்த வெள்ளத்தில் வந்து நிரம்பிவிடும் என்கிற வாதம் எந்த ஆற்றுக்குப் பொருந்தினாலும் வைகையின் கடைமடைக்குப் பொருந்தாது.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மணலின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் விடியும் முன்னே ஆற்றுக்குப் போவார்கள். எங்கே தோண்டுவது என்பது கண்ணளவு. மேல்மணல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். காலால் தள்ளிப் பார்த்து, ஈரம் தட்டுகிற இடத்தில் உட்கார்ந்து கையாலேயே பறிப்பார்கள். முழங்கை ஆழத்தில் மணலின் நிறம் மாறும். இன்னும் இறங்கினால் ஓரம் சரியத் தொடங்கும், அதைச் சரியவிடாமல் வட்டமாக அகலப்படுத்த வேண்டும். முதலில் வரும் கலங்கல் தண்ணியைச் சிரட்டையால் கோரி வெளியே ஊற்றிவிட வேண்டும். அதன்பின் சும்மா இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கோரினால் மறுபடி கலங்கும். கொஞ்ச நேரத்தில் குழியின் அடியில் கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறி நிற்கும். ஒரு சிரட்டை, இன்னொரு சிரட்டை என்று கோரி, வெள்ளைத் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரமும் ஆகும், ஒரு மணி நேரமும் ஆகும். பிறகு நாலு சக்கரத் தள்ளுவண்டியில், குடத்துக்கு ஒரு வளையமாக வைத்து அடைத்த வண்டியில், வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் வாசலுக்கு வாசல் நிற்கும் வண்டி அது.

அந்தத் தண்ணீரின் ருசி குழாயிலும் வராது, கேனிலும் வராது. எங்கள் அப்பத்தா சோறு பொங்க ஊற்றுத் தண்ணிதான் வேண்டும் என்று கடைசிவரை அடம்பிடித்தார். மற்ற தண்ணியில் பருப்பு வேகாது என்பார். உப்புக் கூடிய தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது என்பது உண்மைதானே.

ஏன் மணலுக்குள் தண்ணீர் நல்லபடியாக இருக்கிறது? இரண்டு காரணம். ஒன்று, மணல் வடிகட்டுகிறது. இன்னொன்று, வெயிலிடமிருந்து மறைக்கிறது. இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 827 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வந்து முடிந்துவிடும். மீதி மாதமெல்லாம் வெயிலும் கடல்காற்றும். கண்மாயில், ஊரணியில் திறந்து கிடக்கும் தண்ணீர் நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையும். மணலுக்குள் இரண்டு மூன்று அடிக்குக் கீழே இறங்கிவிட்ட தண்ணீரை வெயில் எளிதில் தொட முடியாது. மழையில்லாத மாதங்களைத் தாண்டி எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த இரண்டு மூன்று அடி மணல்தான்.

மணல் அள்ளிய குழியிலும் தண்ணீர் தேங்கத்தானே செய்யும், ஏரி மாதிரி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேங்கும். முதல் மழையில் நிறைந்து பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் திறந்த குழித் தண்ணீர் தை, மாசி தாண்டாது. மழையோடு வரும் வண்டல் குழியின் அடியில் படிந்து மெழுகிவிடும், அதற்குப் பிறகு தண்ணீர் கீழே இறங்குவதும் குறையும். அதைவிட முக்கியம், ஆழமான குழி சுற்றியிருக்கும் மணலில் நிற்கிற நீரையும் தன் பக்கம் இழுக்கிறது. ஆற்றின் ஒரு இடத்தில் பத்தடி தோண்டினால் அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்காரர் மோட்டாரை இறக்க வேண்டி வருவது இதனால்தான்.

குழியைப் பற்றி இதுவரை சொன்னது எந்த ஆற்றுக்கும் பொருந்தும். கடலோரத்தில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, உப்பு.

நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடச் சற்று இலேசு. அதனால் கடலோர மண்ணுக்கடியில் நன்னீர் ஒரு படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. இரண்டின் அடர்த்தியையும் வைத்துப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். அப்படியே திருப்பிப் போடுங்கள். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழிருந்து உப்பு காலப்போக்கில் 40 மீட்டர் ஏறி வரலாம். நிலத்தின் அமைப்பைப் பொறுத்துக் கூடும், குறையும், ஆனால் போகிற திசை மாறாது. குவாரி அனுமதிகளில் பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்துக்கு அள்ளலாம் என்று எழுதுவார்கள். திருச்சியில் ஒரு மீட்டருக்கும் எங்கள் கடைமடையில் ஒரு மீட்டருக்கும் உள்ள வித்தியாசம் இந்த 40 மீட்டர்தான்.

தனுஷ்கோடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1964 டிசம்பர் புயல் ஊரையே அழித்த பிறகும் அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைப் பறித்து நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் திட்டு, அதற்குள் மழைநீர். அந்தத் திட்டைக் கரைத்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் கடலோர மேடுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் எல்லைக்குள் மணல் அள்ளவே கூடாது. ஆனாலும் இரவில் டிராக்டர் போகிறது.

உப்பு ஏறியதும் என்ன நடக்கிறது? முதலில் தென்னை சொல்லும், குரும்பை கொட்டும். அப்புறம் மிளகாய். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கெல்லாம் பெருமை. மானாவாரியாக வருகிற பயிர்தான், ஆனால் மழை இடையில் ஏமாற்றினால் ஒரு தண்ணியாவது கொடுத்துக் காப்பாற்றுவது ஆற்றோரக் கிணறுதான். அந்தக் கிணறு உப்பானவர் மிளகாயை விடுவார், பிறகு நிலத்தைச் சீமைக்கருவேலத்துக்கு விடுவார், பிறகு கரிமூட்டம் போடுவார். இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். மூட்டக் கரி விற்றவர்களின் பையன்கள் இன்று டிப்பர் ஓட்டுகிறார்கள். அவர்கள் அள்ளுவது அவர்கள் அப்பா கிணற்றின் மணல்.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவு ஒரு நடைக்குக் கிடைக்கும் கூலி, பகல் முழுக்க வேறு எந்த வேலை செய்தாலும் இங்கே கிடைக்காது. மம்பட்டியும் சட்டியுமாக லோடுமேன்கள் ஏற்றிய காலத்தில் ஒரு லாரிக்கு ஏழெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஜேசிபி வந்த பிறகு அதுவும் போச்சு. இப்போது மணலில் ஊருக்குக் கிடைக்கும் பங்கு கோயில் கொடைக்கும் கும்பாபிஷேகத்துக்கும் தரும் நன்கொடைதான். அந்தப் பணம் ஊரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. வாங்கினால் பேச முடியாது, வேண்டாம் என்று சொன்னால் சாமி காரியத்தைத் தடுத்தவர் ஆகிவிடுவோம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு மதினி எழுந்து, "கோபுரத்துக்குச் சாயம் பூசுறீக சரி, சாமிக்கு அபிசேகம் பண்ணத் தண்ணிய எங்கிட்டு இருந்து கொண்டு வருவீக?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அந்த ஆண்டு பணத்தை வாங்கத்தான் செய்தார்கள்.

எதிர்த்து நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதும் எல்லோருக்கும் தெரியும். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் 2023 ஏப்ரல் 25 அன்று கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததுதான் அவர் செய்தது. அரசு சம்பளம் வாங்கும் ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஊற்றுத் தோண்டப் போகும் பெண் டிப்பரின் நம்பரை எழுதி வைப்பாரா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ல் தமிழ்நாடு அரசு தனியார் குத்தகைகளை ரத்துசெய்து ஆற்று மணல் குவாரியைத் தானே எடுத்துக்கொண்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. இதையெல்லாம் தாண்டி எங்கள் பக்கத்தில் மணல் போகும் வழியின் பெயர் சவடு, அதாவது பள்ளம் நிரப்ப எடுக்கும் சாதாரண மண். பட்டா நிலத்தில் மேடு தட்டுகிறேன், உபரி மண் எடுக்கிறேன் என்று அனுமதி வாங்குவார்கள். ஆற்றோரப் பட்டா நிலத்தில் மேலே இரண்டடி சவடு, அதன் கீழே முழுக்க மணல். ஆறு என்றோ ஓடிய தடம் அது. சீட்டில் சவடு, வண்டியில் மணல். இதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அடுத்தடுத்து வழக்குகள் வந்தன. தாமிரபரணிக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஆர். நல்லகண்ணு எண்பதைத் தாண்டிய வயதில் 2010-ல் அதே மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி ஐந்தாண்டுத் தடை வாங்கினார். ஆற்றுக்கு அப்படி ஒருவர் கிடைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் வருத்தம்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பாலம், குடிநீர்த் திட்டம், நீர் எடுக்கும் கிணறு, பம்பு நிலையம் இவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஆற்றில் மணல் அள்ளக் கூடாது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இந்த விதியைப் பற்றித்தான். உள்ளாட்சி போட்ட கிணறு இருந்தால் 500 மீட்டர் பாதுகாப்பு. நூறு குடும்பம் தலைமுறையாகக் குடிக்கிற ஊற்றுக்கு ஒரு மீட்டர் பாதுகாப்புகூடக் கிடையாது. காரணம், அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கட்டடம் இல்லை, மோட்டார் இல்லை, மின் இணைப்பு எண் இல்லை. பெண்கள் கையால் தோண்டி, மாலையில் மணல் சரிந்து மூடி, மறுநாள் வேறிடத்தில் தோண்டுகிற ஒன்று. அதிகாரி ஆய்வுக்கு வரும் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே வெறும் மணல்தான் தெரியும்.

கடல் பக்கமும் சொல்ல வேண்டும். ஆறு மணல் கொண்டுவராவிட்டால் கரை தேயும். அலை எடுப்பதை ஈடுகட்ட ஒன்றும் வராது. கோட்டக்கரையாறு கடலைச் சேரும் காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வண்டலும் நன்னீரும் வந்தால்தான் அது நிற்கும், அது நின்றால்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும். மன்னார் வளைகுடாவில் இதற்கு முன்னோட்டமே நடந்திருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையைப் பல ஆண்டுகள் வெட்டினார்கள். 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள், 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. வீடு கட்டத்தான் அப்போது பாறையை எடுத்தோம், வீடு கட்டத்தான் இப்போது மணலை எடுக்கிறோம்.

வீடு கட்ட வேண்டாமா என்று கேட்டால், கட்டத்தான் வேண்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்சாண்டைத் தரம் பார்த்து வாங்கினால் கான்கிரீட்டுக்குத் தாராளமாகப் போதும். அதற்கும் மலையை உடைக்கிறார்கள் என்பது உண்மை, அதையும் அளவோடு வைக்க வேண்டும். ஆனால் சிறுகச் சிறுக உடைகிற கல்லுக்குள் 140 குடம் தண்ணீர் இல்லை.

இன்று எங்கள் மாவட்டத்தின் பெரும்பகுதி குடிப்பது காவிரித் தண்ணீர். திருச்சி அருகே காவிரிப் படுகையில் எடுத்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே இவ்வளவு தூரம் வருகிறது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தது. குழாய் உடைந்தாலோ, அங்கே மின்சாரம் போனாலோ, கடைமடைக் கிராமத்துக்கு வாரக் கணக்கில் தண்ணீர் வராது. வராத நாளில் குடம் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று லாரித் தண்ணீர். இதில் கவனிக்க வேண்டியது, அங்கேயும் தண்ணீரைத் தருவது படுகை மணல்தான். நம் ஆற்று மணலை இழந்துவிட்டு இன்னொரு ஆற்றின் மணலை நம்பி உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே கரூரிலும் திருச்சியிலும் காவிரியில் அள்ளும் மணல், சாயல்குடிக்காரரின் பிரச்சினையும்தான்.

நாங்கள் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்த மனுவில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மணலோ சவடோ எதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தாலும், முதலில் சுற்றியிருக்கும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் எடுத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். கடலோர ஒன்றியங்களில் ஆற்றுப் படுகையையும் அதை ஒட்டிய பட்டா நிலத்தையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். ஊற்றுத் தோண்டும் இடங்களைக் குடிநீர் ஆதாரமாகப் பதிவுசெய்து 500 மீட்டர் விதியை அதற்கும் போட வேண்டும்.

மூன்றாவதைப் படித்த அலுவலர், எந்தெந்த இடம் என்று பட்டியல் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். இப்போது பட்டியல் தயாராகிறது. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செல்போனை வைத்து ஒவ்வொரு இடத்தின் படத்தையும் அட்சரேகை தீர்க்கரேகையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். எந்த மாதம் எத்தனை முழத்தில் தண்ணீர், எத்தனை வீட்டுக்காரர்கள் எடுக்கிறார்கள், எந்த ஆண்டிலிருந்து உப்புக் கரிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, தோண்டுகிறவர்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார். வைகையோரத்திலும் குண்டாற்றோரத்திலும் இருக்கும் ஊர்க்காரர்கள் உங்கள் ஊற்றுகளையும் இதே மாதிரி எழுதி, கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு வாங்குங்கள். தீர்மான நகலின் ஒரு பிரதியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.